ஓடுபாதையின் குறுக்கே ஒரு நடை

ஆகாய விமானத்தில் வந்திறங்கிய ஒருவர், சற்று முன்னர் தம்மைச் சுமந்துவந்த விமானம் ஓடிய அதே ஓடுபாதையின் குறுக்கே, தமது பெட்டியைத் தாமே இழுத்துக்கொண்டு ஊருக்குள் நடந்து போகலாம் என்று யாரேனும் முன்பு எம்மிடம் கூறியிருந்தால் நாம் நம்பியிருக்கமாட்டோம். கட்டுநாயக்காவில் இறங்கிய எவரும் நடந்தே வீட்டுக்குப் போனதாக நாம் கேள்விப்பட்டதில்லை. விமான நிலையம் என்றதும், வாசலிற் காத்து நிற்கும் உறவினர் கூட்டமும், இரவோடிரவாக யாழ்ப்பாணத்துக்கு ஓடும் வானும், நித்திரை தூங்கும் சிறுவர்களுமே எமது மனக்கண்முன் தோன்றும். ஆனால் 2024 ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில், ஜிப்ரால்ட்டர் என்னும் சின்னஞ்சிறு நிலத்தில் நாம் அவ்வாறே நடந்தோம். அதுவும் ஒரு முறை அன்று. நாலு நாளில் ஆறு முறை.

அந்த ஆண்டு விடுமுறையை லண்டனில் வாழும் தமக்கையார் வீட்டிற் கழிக்க நேர்ந்தது. தமக்கையாரின் மகன் அங்கேயே பிறந்து வளர்ந்தவன், பல்கலைக்கழக மாணவன். தமிழ் பேசுவான், அதில் வழு இருந்தாலும் கூச்சம் இல்லை. “மாமா, சரித்திரம் படிப்பிக்கிற நீங்கள் ஜிப்ரால்ட்டரைப் பார்க்காமல் ஊருக்குப் போகலாமோ?” என்று அவன் ஒருநாள் கேட்டான். இருபது வருடமாகக் கல்லூரியில் யூட்ரெக்ட் உடன்படிக்கையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் படிப்பித்து வந்த எமக்கு அக்கேள்வி சற்றுச் சுட்டது. வேண்டிய அனுமதிகளைப் பெற்று, மருமகனும் நாமும் ஹீத்ரோவில் விமானம் ஏறினோம்.

ஜிப்ரால்ட்டர் எங்கே இருக்கிறது என்பதை மாணவர்கள் தேசப்படத்திற் பார்த்துக்கொள்ளலாம். ஸ்பெயின் தேசத்தின் தென்கோடியில், மத்தியதரைக் கடலின் வாயிலில் அது நிற்கிறது. பரப்பு 7 சதுர கிலோமீட்டருக்கும் குறைவு. மக்கள் ஏறக்குறைய 34,000 பேர். நடுவே 426 மீட்டர் உயரமான ஒரு சுண்ணாம்புக்கல் மலை. 1704 இல் ஆங்கிலேயரும் ஒல்லாந்தரும் சேர்ந்த படை இதைக் கைப்பற்றியது. 1713 இல் யூட்ரெக்ட் உடன்படிக்கையின்படி இது பிரித்தானியாவுக்கு உரித்தாயிற்று. ஸ்பெயின் அதை அன்றுதொட்டு மனதார ஏற்றுக்கொள்ளவேயில்லை. சரித்திரம் இவ்வளவு போதும்.

மலையின் வடமுகம் செங்குத்தாக இறங்கித் தட்டையான மணற்றரையில் முடிகிறது. அத்தரையின் மறுபக்கத்தில் ஸ்பானிய எல்லை. இடைப்பட்ட அந்தத் துண்டு நிலத்தில் முற்காலத்திற் குதிரைப்பந்தயத் திடல் இருந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பிரித்தானியர் அதை விமானத்தளமாக்கினர். நிலம் போதாமையால், மலையைக் குடைந்து சுரங்கம் வெட்டியபோது எடுத்த கல்லைக் கொண்டுபோய்க் கடலிற் கொட்டி, ஓடுபாதையின் மேற்கு முனையைக் குடாவுக்குள் நீட்டினர். இன்றும் அதன் நீளம் 1,800 மீட்டருக்குச் சற்றுக் குறைவே. கிழக்கேயும் கடல், மேற்கேயும் கடல்.

இதிலிருந்து ஒரு வேடிக்கை பிறந்தது. ஓடுபாதை நிலத்தின் குறுக்கே இக்கரை தொட்டு அக்கரைவரை கிடப்பதால், ஊரிலிருந்து எல்லைக்குப் போகும் ஒரே பெருந்தெரு அதை வெட்டிக்கொண்டுதான் போகவேண்டும். வின்ஸ்டன் சேர்ச்சில் அவெனியூ என்பது அத்தெருவின் பெயர். எங்கள் ஊரிற் புகையிரதக் கடவையிற் படலை சாத்துவதுபோல, விமானம் வரும்போது தெருவின் இருபுறமும் தடுப்பைச் சாத்துவார்கள். கார், பஸ், லொறி, சைக்கிள், பாதசாரி எல்லோரும் நிற்பார்கள். விமானம் போனபின் தடுப்புத் திறக்கும். 2023 ஆம் ஆண்டு பங்குனி 31 ஆந் திகதிவரை இதுவே நடைமுறை. அன்று ஓடுபாதையின் கிழக்கு முனைக்குக் கீழே ஒரு சுரங்கப்பாதை திறக்கப்பட்டது. வாகனங்கள் யாவும் அதனுட் புகுந்தன. நடப்போருக்கும் சைக்கிள்காரருக்கும் பழைய பாதை மேலேயே விடப்பட்டது. கார் வைத்திருப்போர் நிலத்தின் கீழே சுற்றிப் போக, கால் வைத்திருப்போர் வெயிலையும் கடற்காற்றையும் வாங்கிக்கொண்டு நேரே போகிறார்கள். உலகில் இப்படியொரு நீதி வேறெங்கும் உண்டோ நாம் அறியோம்.

விமானம் இறங்குவது அங்கே எளிய காரியம் அன்று. மலையில் மோதித் திரும்பும் காற்றுச் சுழன்றடிக்கும். காற்று மோசமானால் விமானங்கள் இறங்காமல் ஸ்பெயினிலுள்ள மாலகாவுக்குத் திரும்பிவிடுவதும் உண்டு. நாம் வந்த விமானமும் கடைசி நேரத்தில் நன்றாகவே ஆடியது. மருமகன் யன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். நாம் நல்லூர்க் கந்தனை நினைத்துக்கொண்டோம். சக்கரம் நிலத்தைத் தொட்டபோது, இடப்பக்கம் அந்த மலை வானத்தை மறைத்து எழுந்து நின்றது. அதன் முகத்தில் வரிசையாகச் சில துவாரங்கள். 1779 முதல் 1783 வரை நடந்த பெரிய முற்றுகையின்போது பீரங்கி வைப்பதற்காகக் குடைந்தவை அவை.

நிலையக் கட்டடத்தைவிட்டு வெளியே வந்ததும் ஸ்பானிய எல்லை சில அடி தூரத்தில் தெரிந்தது. நாம் வழக்கப்படி வாடகை வண்டியைத் தேடினோம்.

“டக்சி என்னத்துக்கு மாமா? நடந்தே போவம். ரவுண் அந்தா தெரியுது,” என்றான் மருமகன்.

தெரிந்தது என்னவோ உண்மைதான். ஆனால் இடையிற் கிடந்தது ஓடுபாதை. சில நிமிடங்களுக்கு முன் நாம் வந்திறங்கிய விமானம் இன்னும் அதன் ஓரத்தில் நின்றது. தடுப்புத் திறந்திருந்தது. ஒரு கையில் மரக்கறிப் பையும் மறு கையிற் குழந்தையுமாக ஒரு பெண் போய்க்கொண்டிருந்தார். தடி ஊன்றிய முதியவர் ஒருவர் எதிரே வந்தார். பாடசாலைப் பையன்கள் இருவர் எதையோ சொல்லிச் சண்டை பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களிடையே பெட்டியை இழுத்துக்கொண்டு நாமும் காலடி வைத்தோம்.

நடுவில் வந்தபோது எம்மையறியாமல் நின்றுவிட்டோம். மேற்கே பாதை நேராகக் குடாவுக்குள் ஓடி முடிந்தது. அதற்கப்பால் நீரின் மறுகரையில் அல்ஜெசிராஸ் நகரம். கிழக்கே வெறும் கடல். கீழே வெண்ணிறக் கோடுகளும், விமானச் சக்கரம் பட்டுப் பட்டுக் கறுத்த அடையாளங்களும். அந்தக் கரிய கோட்டின்மேல் எமது செருப்புக் கிடப்பதை நாமே பார்த்தோம். உத்தியோக உடை அணிந்த ஒருவர் தூரத்தில் நின்று, நில்லாமல் நடக்கும்படி கையை அசைத்தார். “நில்லாதேங்கோ மாமா, ஏசப்போறாங்கள்,” என்று மருமகன் பெட்டியைப் பறித்துக்கொண்டு முன்னே நடந்தான். கடந்து முடிய மூன்று நிமிடமும் ஆகவில்லை.

விமான நிலையத்துக்கு நடந்து போகும் வசதியைச் சில நகரங்கள் இப்போது விரும்பியே அமைக்கின்றன. சிங்கப்பூரில் கிழக்குக் கடற்கரைப் பூங்காவிலிருந்து சாங்கி விமான நிலையத்துக்கு நடக்கவும் சைக்கிளிற் போகவும் 3.5 கிலோமீட்டர்ப் பாதையொன்றை 2020 இல் திறந்தார்கள். அதன் ஒரு பகுதியிற் பூர்வகாலப் பெரும் பல்லிகளின் உருவங்களை நிறுத்தியிருக்கிறார்களாம், பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். கனடாவின் டொரன்டோ நகரில் தீவிலுள்ள சிறு விமான நிலையத்துக்கு நீரின் அடியால் நடைச் சுரங்கம் 2015 இல் அமைத்தார்கள். இவையெல்லாம் வசதிக்காக ஆனவை. ஜிப்ரால்ட்டரில் நடப்பதற்கு வேறொரு கதை உண்டு. அதை அன்று மாலை ஒரு கடைக்காரரிடம் கேட்டறிந்தோம்.

ஓடுபாதையிலிருந்து ஊருக்குள் போகும் கால்நடைப் பாதை, கோட்டை மதிலின் அடியிலுள்ள ஒரு பழைய குகைவழியாகச் செல்கிறது. தரைவழியாக ஊருக்குள் நுழைவதற்கு நெடுங்காலம் அது ஒன்றே வாயிலாக இருந்தது. உள்ளே குளிர்; கல்லில் ஈரக்கசிவு. மறுபுறம் வெளிவந்தால் கேஸ்மேற்ஸ் சதுக்கம். அதிலிருந்து பிரதான வீதி. பிரதான வீதியில் எமக்கு ஓர் ஆச்சரியம் காத்திருந்தது. கடைப் பலகைகளில் இந்தியப் பெயர்கள்! சிந்து தேசத்து வணிகர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே இங்கு வந்து வேரூன்றிவிட்டார்கள். பக்கத்து ஒழுங்கையொன்றில் அவர்களுடைய கோயிலும் இருக்கிறது. வெளியிற் பார்த்தால் சாதாரண வீட்டு வாசல். உள்ளே தீபம் எரிகிறது. அங்கே வணங்கிவிட்டு வெளியே வந்தபோது, கூட வணங்கிய முதியவர் ஒருவர் எம்மை எந்த ஊர் என்று விசாரித்தார். இலங்கை என்றதும் தமது கடைக்கு அழைத்துப்போய்த் தேநீர் தந்தார்.

எழுபது வயதைக் கடந்தவர். “நடந்தா வந்தீர்கள்?” என்று கேட்டுச் சிரித்தார். பிறகு அவராகவே சொல்லத் தொடங்கினார்.

1969 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில், ஸ்பெயினை ஆண்ட பிராங்கோ எல்லை வாயிலை மூடிவிட்டார். எல்லைக்கு அப்பாலுள்ள லா லீனியா என்னும் ஊரிலிருந்து ஜிப்ரால்ட்டருக்கு நாள்தோறும் நடந்து வந்து வேலை செய்த ஆயிரக்கணக்கானோர் ஒரே நாளில் வேலை இழந்தனர். அதே ஆண்டு ஐப்பசியில் தொலைபேசித் தொடர்பும் அறுக்கப்பட்டது. கடைக்காரர் அப்போது பாடசாலைப் பையன். தகப்பனாரின் கடையிற் பொருள் அடுக்கிய ஒரு ஸ்பானியப் பெண் அடுத்த நாள் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. அந்தப் பெண்ணின் தங்கை ஜிப்ரால்ட்டரில் மணம் முடித்திருந்தாள். ஓய்வு நாட்களில் அக்கா அந்த வேலியருகிலும் தங்கை இந்த வேலியருகிலும் வந்து நிற்பார்கள். இரண்டு வேலிக்கும் இடையே வெற்றுநிலம். காற்று வேறு. சத்தமிட்டே பேசவேண்டும். தங்கைக்குப் பிள்ளை பிறந்தபோது அதைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினாளாம்.

“பெயர் என்ன என்று அக்கா கத்திக் கேட்டாள். இவள் சொன்னது காற்றில் போய்விட்டது. மூன்று தரம் சொன்னாள்,” என்றார் அவர். அந்த இடத்திற் சிறிது நேரம் பேசாமல் இருந்தார்.

அக்கரையில் தாய் தந்தையர் இறந்தால் என்ன செய்வது என்று கேட்டோம். கடல் கடந்து மொரொக்கோ நாட்டிலுள்ள தாஞ்சியருக்குக் கப்பலிற் போய், அங்கிருந்து இன்னொரு கப்பலில் அல்ஜெசிராஸ் வந்து, பிறகு தரைவழியாக லா லீனியாவுக்குப் போகவேண்டும். சில நூறு அடி தூரத்திலுள்ள வீட்டுக்குப் போக ஆபிரிக்காக் கண்டத்தைத் தொட்டுத் திரும்பவேண்டும்! பிரேதம் காத்திராது என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இவ்வாறு 13 ஆண்டுகள் கழிந்தன. 1982 ஆம் ஆண்டு மார்கழி மாதம், ஒரு நள்ளிரவில் வாயில் திறந்தது. வாகனங்களுக்கன்று, நடந்து வருவோருக்கு மட்டும். வாகனங்கள் 1985 ஆம் ஆண்டு மாசிவரை காத்திருக்க நேர்ந்தது. அந்த இரவு கடைக்காரரும் போய் நின்றாராம். மக்கள் ஓடவில்லை, நடந்தார்கள், சிலர் அழுதுகொண்டு நடந்தார்கள் என்றார். சகோதரிகள் இருவரும் சந்தித்தார்களா என்று மருமகன் கேட்டான். அது தமக்குத் தெரியாது, கூட்டத்தில் யாரையும் தேடிப்பிடிக்க முடியவில்லை என்று அவர் விடையிறுத்தார். இக்காலத்தில் நாள்தோறும் ஏறக்குறைய 15,000 தொழிலாளர் எல்லையைத் தாண்டி வேலைக்கு வருகின்றனர் என்றும், அவர்களுட் பலர் நடந்தே வருகின்றனர் என்றும் சொன்னார். சுரங்கப்பாதை திறந்தபின்னும் ஓடுபாதையில் நடப்பதை ஊரார் விடாமல் வைத்திருப்பதில் அவருக்குப் பெரிய மகிழ்ச்சி.

மறுநாட் காலை எல்லையைப் பார்க்க மீண்டும் நடந்தோம். இம்முறை தடுப்புச் சாத்தியிருந்தது. பொறி பூட்டிய துப்புரவு வண்டியொன்று பாதையைக் கூட்டிக்கொண்டு போயிற்று. ஒரு சிறு கல்லோ கடதாசித் துண்டோ கிடந்தாலும் விமானத்தின் இயந்திரத்துக்கு ஆபத்து. ஆகையால் இந்த ஏற்பாடு. எம்மைச் சுற்றி ஐம்பது பேர்வரை நின்றனர். ஒருவரும் சலித்துக்கொள்ளவில்லை. இருவர் வெற்றிலைக்குப் பதிலாகச் சுருட்டை மாற்றிக்கொண்டனர். விமானம் எமது மூக்கின் முன்னால் இரைந்து பாய்ந்து எழுந்தது.

அந்த இரைச்சலில் எமக்கு எமது ஊர் நினைவு வந்தது.

நாம் பிறந்த கிராமம் பலாலிக்கு அணித்தானது. பலாலி விமானத்தளமும் இரண்டாவது உலக யுத்தத்தின்போது அதே பிரித்தானிய ஆகாயப் படையினால் அமைக்கப்பட்டதே. ஒரே காலத்தில், ஒரே கை இட்ட இரண்டு கோடுகள். ஒன்று மலையடியில், மற்றது எமது செம்மண்ணில். 1947 ஆம் ஆண்டு மார்கழி 10 ஆந் திகதி எயர் சிலோன் விமானம் இரத்மலானையிலிருந்து சென்னைக்குத் தனது முதற் பயணத்தைச் செய்தபோது வழியில் இறங்கியது இங்கேதான். தந்தையார் அந்த டக்கோட்டா விமானங்களைப் பார்ப்பதற்காகவே சிறுவயதிற் புகையிலைத் தோட்ட வரம்பால் நடந்து போவாராம். சென்னைக்குப் போகும் உறவினரை வழியனுப்பப் புட்டுப் பொட்டலமும் வாழைப்பழமும் கட்டிக்கொண்டு குடும்பமாக நடந்து போனதைப் பாட்டியார் சொல்லக் கேட்டிருக்கிறோம். வீட்டுப் படலையிலிருந்து அரை மணி நடை.

1990 ஆம் ஆண்டு ஆனி மாதம், போரின் காரணமாக வலிகாமம் வடக்கு மக்கள் வெளியேறியபோது எமக்குப் பதினொரு வயது. அன்றும் நடந்தோம், ஆனால் எதிர்த் திசையில். ஒரு சைக்கிள், ஒரு ஆடு, அம்மாவின் தையல் இயந்திரம். அதன்பின் அந்த நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. 2009 இற் போர் முடிந்த பின்னர் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டு வந்தன. அயற் கிராமத்தவர் பலர் திரும்பிவிட்டனர். 2019 ஆம் ஆண்டு ஐப்பசி 17 ஆந் திகதி பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறக்கப்பட்டது, சென்னைக்கு விமானம் பறந்தது, நாமும் மகிழ்ந்தோம். எமது வீடு இருந்த காணியோ நாம் ஜிப்ரால்ட்டர் சென்ற அந்த ஆவணியிலும் விடுவிக்கப்படாத பகுதியினுள்ளேயே இருந்தது. அதன் கிணற்றடியில் ஒரு மாதுளை நின்றது. நின்றது என்று சொல்கிறோம். இப்போது நிற்கிறதா என்பதை யாரிடம் கேட்பது?

தடுப்புத் திறந்தது. கூட்டத்தோடு நடந்தோம். ஜிப்ரால்ட்டர் விமானத்தளம் இன்றும் பிரித்தானியப் பாதுகாப்பு அமைச்சுக்கே சொந்தம் என்று மருமகன் கைத்தொலைபேசியைப் பார்த்துச் சொன்னான். படைத்தளத்தின் நெஞ்சின் மேலாகத்தான் அந்தப் பெண் மரக்கறிப் பையோடு போயிருக்கிறாள்! நாம் சற்று நேரம் பேசாமலே நடந்தோம். எதைப் பற்றி யோசிக்கிறீர்கள் என்று அவன் கேட்டான். மாதுளையைப் பற்றி என்றோம். அவனுக்கு விளங்கவில்லை, பிறகு நடந்துகொண்டே விளக்கினோம்.

எல்லை வாயிலருகே போய் நின்றோம். ஸ்பெயினுக்குள் நுழையும் அனுமதி எம்மிடம் இல்லை. மருமகனிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு இருந்தது. “நான் போய் ஒரு கோப்பி குடிச்சிட்டு வரட்டோ மாமா?” என்று சிரித்தான். போய்வா என்றோம். அரைமணி நேரம் ஒரு மதிலிற் சாய்ந்து நின்று, வருவோர் போவோரின் கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கட்டட வேலைச் சப்பாத்துக்கள், தாதியரின் வெள்ளைச் சப்பாத்துக்கள், ஒரு கிழவியின் துணிச் செருப்பு. சிறுவன் ஒருவன் ஒரு காலை இங்கும் மறு காலை அங்கும் வைத்து விளையாடினான், தாய் இழுத்துப்போனாள். இந்த எல்லையில் ஆட்களைச் சோதிப்பதையே நிறுத்திவிடுவதென 2025 ஆம் ஆண்டு ஆனி மாதத்திற் பிரித்தானியாவும் ஐரோப்பிய ஒன்றியமும் உடன்பட்டதாகப் பின்னர் பத்திரிகையிற் படித்தபோது, அந்தச் சிறுவனின் நினைவே எமக்கு வந்தது.

மலையின் குரங்குகளைப் பற்றியும் குகைகளைப் பற்றியும் எழுதினால் இடம் போதாது. குரங்குகள் மருமகனின் தின்பண்டத்தைப் பறித்துச் சென்றன என்பதோடு அதை நிறுத்திக்கொள்கிறோம்.

புறப்படும் நாளும் நடந்தே போனோம். பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்றுவிட்டதால் மாறி மாறித் தூக்கவேண்டியிருந்தது. நிலையத்தில் நேரம் இருந்தமையால் இணுவிலில் இருக்கும் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்தோம். ஊரில் அப்போது பொழுதுபடும் நேரம்.

“என்ன தம்பி சொல்லுறாய்? பிளேன் ஓடுற இடத்திலயோ நடந்தனீங்கள்?”

“ஓம் அம்மா. இஞ்சை எல்லாரும் நடக்கினம்.”

“முந்தாநாள் அது ஆமியின்ரை இடமெண்டெல்லோ சொன்னனி?”

“ஓம்.”

அப்பால் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு மெல்லக் கேட்டார்:

“ஒருத்தரும் மறிக்கேல்லையோ?”

இல்லை என்றோம். எத்தனை அடி தூரம், வெயிலா, நிழல் உண்டா, கிழவிகளும் நடக்கினமோ என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் விடை சொல்லி முடியுமுன் விமானத்துக்கு அழைத்துவிட்டார்கள்.

யன்னலோரம் எமக்குக் கிடைத்தது. விமானம் ஓடத் தொடங்கியபோது, தடுப்புக்கு அப்பால் முப்பது நாற்பது பேர் பைகளுடன் நின்றுகொண்டிருந்தனர். நாம் போனதும் நடப்பதற்காக.